சிவப்பு அரளி

எங்கள் அத்தான் பெயர் கதிரவன். கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசிய மனுஷர் அவருடைய அப்பா. பிள்ளையோ ஊருக்கு ரயில் ஏறுவதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார். சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

கார்கில் சண்டை நடந்த வருஷம் அவர் மனைவி, என் இந்திராணி அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டரம்மா. அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருடைய ஆபீஸில் ஒருவரின் மனைவி, ஆபரேஷனுக்கு என்று உள்ளே போனவள் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஒருத்திதான் அவர் கண்ணில் நின்றாள். எங்கள் டில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டு டெல்பின் டீச்சர் இதே ஆபரேஷன் செய்துகொண்டு, தினமும் காய்கறிப் பையோடு படியேறுகிறாரே, அவர் நிற்கவில்லை.

"அவங்க உடம்பு வாகு வேற, சியாமளா" என்றார் என்னிடம் அத்தான்.

வேலியோரத்து அரளியில் வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும் பறித்து, தனித்தனிக் காகிதத்தில் மடித்து முருகன் படத்தின் முன் போட்டார். வெள்ளை வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் வேண்டாம். என்னை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது.

"நீ ஆபரேஷன் பண்ணணும்னே நெனச்சுக்கிட்டு எடுத்தே. செல்லாது."

அக்கா எடுத்தாள். அதுவும் வெள்ளை.

"நோயாளி கை. அது எப்படிச் செல்லும்?"

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அவரே எடுத்தார். சிவப்பு. "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். பொய் அழுகை இல்லை, அதுதான் கொடுமை. "மூணாவதா வந்ததை மட்டும் எப்படி அத்தான் நம்புறீங்க?" என்று கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து, "விடுடி, அவரே பயந்துபோய்க் கிடக்கார்" என்றாள். கட்டி இவளுக்கு, பயம் அவருக்கு!

கோல் மார்க்கெட் பக்கம் ஒரு ஹோமியோபதி வைத்தியரிடம் சர்க்கரை உருண்டைகள் வாங்கி வந்தார். வலி குறைந்தால், "பாத்தியா, மருந்து கேக்குது" என்பார். கூடினால், "அச்சா, நோய் வெளிய வருது" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் நாலாவது காலை எப்படிக் காட்டுவது? சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். அக்கா அவர் பக்கம்தான்.

குளிர் ஆரம்பித்தபோது அவளால் கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. அதே டாக்டரம்மாவிடம் ஓடினோம். ஸ்கேனைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பரவிவிட்டது, இனி ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

அத்தான் முகமோ மலர்ந்துவிட்டது. அக்காவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இந்து, கேட்டியா? டாக்டரே ஆபரேஷன் வேணாங்கிறாங்க! முருகன் அப்பவே சொன்னான்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஆமாங்க, நல்லவேளை" என்றாள்.