இன்னொருவரின் வில்லை

விடுதி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சரியக்கா குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். கொடியில் யாருடைய காலுறைகளோ ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. கடலை ஒட்டிப் பல நாட்கள் நடக்கவேண்டிய பாதை அது. புதுக் காலணி முதல் நாளே கடித்துவிட்டது.

சரியக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பாள். தாமதமாக வர நினைப்பவர்கள் முந்தின நாளே தங்கள் வருகைப்பதிவு கார்டை அவள் மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் வாசல் மெஷினில் தன்னுடையதோடு அவற்றையும் தேய்த்துவிடுவாள். தங்கமான மனசு என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே பாதி ஆயுள் போயிருந்தது. "இந்த வயசுல தனியா முதுகுல மூட்டையத் தூக்கிட்டு, இது தேவையா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது மட்டும் எப்படியோ பதில் பேசாமல் கிளம்பி வந்துவிட்டாள்.

அந்தப் பாதையில் முக்கியமான கட்டுப்பாடு ஒன்று இருந்தது. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு தகர வில்லை. காலையில் பலகையின் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும். சாயங்காலம் அடுத்த விடுதியின் பலகையில் மாட்டவேண்டும். எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று விடுதிக்கு விடுதி போன் போய்விடும். ஒரு வில்லை குறைந்தாலும், வெளிச்சம் இருக்கும்போதே ஆட்கள் கயிற்றோடு தேடக் கிளம்புவார்கள்.

அன்று சாயங்காலம், அடுத்த விடுதிக்கு முந்தைய கடைசி வளைவில் கேமராத் தம்பி நின்றிருந்தான். முப்பதைத் தாண்டியவன். வழியில் பழக்கமாகி, இரண்டு நாளாக வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுபவன்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. என் வில்லையையும் சேர்த்து மாட்டிடுங்க. கீழ பாறைகிட்ட இறங்கி நாலு படம் எடுத்துட்டு மெதுவா வரேன்."

"இறங்கக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்களேப்பா."

"அட, எல்லாரும் இறங்குறதுதான். நேத்து கொஞ்சம் லேட்டானதுக்கே என்னமோ நான் செத்துட்ட மாதிரி கூப்பாடு போட்டாங்க. பின்னாலயே வந்துடுவேன்க்கா."

அவள் கடலைப் பார்த்தாள். அலை பெரிதாகத்தான் இருந்தது. முடியாது என்று சொன்னால் அந்த முகம் சுருங்குமே என்ற எண்ணம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சரி," என்றாள்.

விடுதியில் இரண்டு வில்லைகளையும் மாட்டினாள். கை கூசவில்லை, தினமும் செய்கிற வேலைதானே. சற்று நேரத்தில் விடுதியை நடத்தும் அம்மா வந்து பலகையைப் பார்த்தார். கயிற்றுச் சுருளோடு காத்திருந்த இரண்டு ஆட்களிடம், "எல்லாரும் வந்தாச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார்.

அப்போதே வாயைத் திறந்திருக்கவேண்டும். சரியக்கா திறக்கவில்லை. வந்துவிடுவான், ஏன் வீணாக அவனைக் காட்டிக்கொடுப்பது என்று நினைத்தாள். ஆட்கள் பேசிக்கொண்டே மேட்டில் ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே அலைச்சத்தம் வரவரப் பக்கத்தில் கேட்டது.

சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு மிஞ்சியது.

"யாரும்மா அது? களைப்புல படுத்துட்டாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். "பாவம், தூங்கட்டும். மூடி வெக்கிறேன்."

அந்த "பாவம்" அவளை உலுக்கிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் வரலைங்க. வில்லைய நான்தான் மாட்டினேன்."

விடுதியம்மா திட்டவில்லை. ஓடிப்போய் வாசல் மணியை விடாமல் அடித்தார். திரும்பி வந்து, "எங்க இறங்கினான்னு காட்டணும். எந்திரிங்க," என்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குதிகாலில் ரத்தம் கசிய, வந்த வழியே அவள் ஓடினாள்.

பாறை இடுக்கில் கால் சிக்கிக் கிடந்தான். தண்ணீர் நெஞ்சைத் தொட்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்கள் கயிறு கட்டி இறங்கி அவனை மேலே கொண்டுவந்தபோது, முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. உயிர் இருந்தது. கால் பிழைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சரியக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவளைக் குறை சொல்லவில்லை.

"கத்திப் பார்த்தேன்க்கா. அப்புறம் விட்டுட்டேன். யாரும் தேடி வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியுமே. நானேதான அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டு இறங்கினேன்."

விடுதியம்மா கம்பளியை அவன்மேல் இழுத்துவிட்டார். "அந்தப் பலகையப் பார்த்து எல்லாரும், நம்மள வேவு பாக்குறாங்கன்னு நெனைக்கிறீங்க," என்றார். "ஒரு ஆளு காணோம்னா எங்களுக்குத் தெரிய வேற வழி இல்லம்மா." அதைச் சத்தமே இல்லாமல் சொன்னார். அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சரியக்காவுக்கு. பாதையின் மிச்சத்தை அவள் நடக்கவில்லை. மருத்துவமனையில், அவன் வீட்டார் வந்து சேரும்வரை இருந்தாள். அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று.

லீவு முடிந்து அலுவலகம் போன முதல் நாள், டிராயரில் வழக்கம்போல ஒரு கார்டு கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. பக்கத்து இருக்கைக்காரி பதினோரு மணிக்கு மூச்சிரைக்க வந்தாள்.

"என்னக்கா, தேய்க்கலையா? மறந்துட்டீங்களா?"

"மறக்கல. இனிமே தேய்க்க மாட்டேன்."

"ஒரு கார்டு தேய்க்கிறதுல உங்களுக்கு என்ன கொறைஞ்சிடப்போகுது? ஊருக்குப் போயிட்டு வந்ததும் பெரிய ஆளாயிட்டீங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. சரியக்காவுக்கு முகம் சிவந்தது. பழைய "சரி" நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கார்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"வர்ற வழியில நீ அடிபட்டுக் கெடந்தா, இங்க நீ சீட்டுல உக்காந்திருக்கிறதா கணக்கு இருக்கும். உன்னைய யாரும் தேடமாட்டாங்க. நான் தேய்ச்ச கார்டுனாலதான் தேடமாட்டாங்க. இல்லாத ஆள இருக்கிறதா காட்டுறத இத்தனை நாளா உதவின்னு நெனைச்சிட்டு இருந்தேன்மா. அது அவங்களக் கைவிடறது."