முழுமையாக இயங்கி வருகிறது

சிங்கம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் கையெழுத்து வாங்கப் போவேன். சாயம் காய்கிற வரை அவரால் எங்கும் எழுந்து போக முடியாது. போன் பேசினால் காது கறுத்துவிடும். கழுத்தில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் அட்டையை வைத்து, அதன்மேல் ஒன்றுமே எழுதாத கேள்வித் தாள்களை அடுக்கிக் கொடுப்பேன். ஒவ்வொன்றின் அடியிலும் வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். மேலே என்ன கேள்வி வரப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கும் தெரியாது. "இதுவரைக்கும் எத்தனை ஆச்சுப்பா?" என்பது ஒன்றுதான் அவர் தானாகக் கேட்கிற கேள்வி.

சட்டசபையில் அதிகக் கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு ஒரு பத்திரிகை வருடா வருடம் கேடயம் கொடுக்கிறது. இவர் அதை இரண்டு முறை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் கட்சிக்காரர்கள் 'கேள்விச் சிங்கம்' என்று பட்டம் கட்டி ஊர் முழுக்கப் பேனர் வைத்தார்கள். அலுவலகத்தில் நாங்கள் கேள்வியைக் கழற்றிவிட்டுச் சிங்கம் என்று மட்டும் சொல்வோம். காதில் விழுந்தால்கூடக் கோபப்பட மாட்டார், பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார். கேலி உள்ளே போகாத அளவுக்குத் தடித்த தோல்.

கேள்விகளை நான்தான் எழுதினேன். எழுதுவது என்பதுகூட அதிகப்படியான வார்த்தை. 'இத்துறையில் காலியாக உள்ள பணியிடங்களை நிரப்ப அரசு ஆவன செய்யுமா?' என்று ஒன்றை எழுதிவிட்டால், துறையின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒரு மழைக்காலக் கூட்டத்தொடரை ஓட்டிவிடலாம். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் எங்கள் தொகுதியின் கடல் அரிப்பைத் தடுக்க என்ன நடவடிக்கை என்று கேட்டுவிட்டேன். எங்கள் தொகுதியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் முழுக்கப் பேருந்தில் போக வேண்டும். அமைச்சர் எழுந்து, மாண்புமிகு உறுப்பினரின் தொகுதியில் கடல் இல்லை என்று பதில் சொன்னார். சபையே சிரித்தது. மறுநாள் செய்தித்தாளில் படத்தோடு வந்ததைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்றார் சிங்கம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை பார்ப்பதில் எனக்கு வெட்கம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஊரில் மற்றவர்கள் செய்கிற வேலையெல்லாம் இதைவிட மேலானது என்று எனக்குத் தோன்றியதில்லை. அக்காவிடமிருந்து அந்த போன் வருகிற வரைக்கும் நான் நிம்மதியாகவே இருந்தேன்.

அக்காவின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதிகம் பேச மாட்டார். ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டுவார் என்று அக்கா கிண்டல் செய்வாள். வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். திரும்பி வரும்போது பிழிந்து போட்ட துணி போல இருப்பார். போன மாதம் ஒருநாள் பேருந்திலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். இன்னும் சில மாதம் இப்படி அலைந்தால் உடம்பு தாங்காது என்று அங்கிருந்த டாக்டர் அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் மிஷின் இருந்தது. வந்து ஒரு வருடமாகிறது. தண்ணீர்க் குழாயும் இழுத்தாயிற்று, சாய்வு நாற்காலியும் போட்டாயிற்று. இயக்குவதற்கு டெக்னீஷியன் மட்டும் போடவில்லை. பெரிய டாக்டர் துறைக்கு எழுதி எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பு எப்படியோ நகர்ந்து கடைசி மேசைக்கு வந்துவிட்டது, அடுத்த மாதம் ஆள் வந்தாலும் வரலாம் என்று அவரே அக்காவிடம் சொல்லியிருந்தார்.

"ஊர்ல இருக்குற குப்பைக்கெல்லாம் கேள்வி எழுதுற. உங்க மாமாவுக்காக ஒண்ணு எழுதக் கூடாதாடா?" என்றாள் அக்கா.

"அதான் கோப்பு நகருதுன்னு சொன்னியேக்கா."

"நகருது. அது நகர்ந்து வர்றதுக்குள்ள இவர் இருக்கணும்ல?"

அன்றைக்கு எழுதினேன். அத்தனை வருடத்தில் நான் யோசித்து எழுதிய ஒரே கேள்வி அது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓராண்டாக மிஷின் இயங்காமல் கிடப்பது அரசுக்குத் தெரியுமா, டெக்னீஷியன் எப்போது நியமிக்கப்படுவார் என்று இரண்டே வரி. வாலை நீட்டிய கையெழுத்துக்கு மேலே அது அநாவசியமான மரியாதையோடு உட்கார்ந்திருந்தது. குலுக்கலில் முதல் கேள்வியாகவும் விழுந்துவிட்டது. முதல் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்லியாக வேண்டும். அதன்மேல் உறுப்பினர் ஒரு துணைக் கேள்வியும் கேட்கலாம். நான் துள்ளிக் குதிக்காத குறை.

சபை கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு துறையிலிருந்து போன் வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரின் கேள்வி என்றால், என்ன மாதிரி பதில் சொன்னால் அவருக்குச் சௌகரியம் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். போனை நான் எடுப்பதற்குள் சிங்கமே எடுத்துவிட்டார். என்ன கேள்வி என்று அவர் கேட்கவும் இல்லை, அவர்கள் சொன்னது காதில் ஏறவும் இல்லை. "நல்ல பதிலாக் குடுங்க. தொகுதிக்காரங்க கேட்டா சந்தோஷப்படணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் திரும்ப அந்த எண்ணுக்கு அடித்து விஷயத்தை விளக்கினேன். "உறுப்பினரே சொல்லிட்டாரு சார், இனிமே நாங்க என்ன பண்றது?" என்றது மறுமுனை.

கேள்வி நேரத்தன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். துணைக் கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் நானே செருகியிருந்தேன். அமைச்சர் எழுந்தார். தாளைப் பார்த்து வாசித்தார்: "மேற்படி மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவு அமைக்கப்பட்டு முழுமையாக இயங்கி வருகிறது. எனவே இரண்டாம் கேள்வி எழவில்லை." மேசைகளைத் தட்டினார்கள். சிங்கம் எழுந்தார். பைக்குள் கை போகவே இல்லை. "தொகுதி மக்களின் சார்பில் அமைச்சருக்கு நன்றி. இதுபோல் இன்னொரு மிஷினும் வழங்க அமைச்சர் முன்வருவாரா?" என்றார். பரிசீலிக்கப்படும் என்றார் அமைச்சர். மறுபடி மேசையைத் தட்டினார்கள். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. மாடத்தில் இருப்பவர்கள் இருமினால்கூடக் காவலர் வந்து வெளியே கூட்டிப்போய்விடுவார்.

சிங்கம் தேன் குடித்த நரி மாதிரி வெளியே வந்தார். "பாத்தியாப்பா? ஒண்ணு கேட்டா ரெண்டு கிடைக்குது."

"சார், அந்த மிஷின் ஓடல சார்."

"ஓடுதுன்னு அமைச்சர் சொன்னாரே."

"அது பொய் சார். அங்க ஆளே கிடையாது. எங்க மாமாவுக்காகத்தான் சார் அந்தக் கேள்வியே..."

நின்று என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. ஏதோ தெரியாமல் உளறுகிறவனிடம் பேசுவது போலத் தணிந்த குரலில் சொன்னார்: "சபையில சொன்னது எப்படிப்பா பொய்யாகும்?"

திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பதில் வந்துவிட்ட கேள்வியை அதே கூட்டத்தொடரில் மறுபடி கொடுக்கக் கூடாது என்பது சபை விதி. கொடுத்தாலும், தன் கட்சி அமைச்சரைப் பொய்யர் என்று சொல்ல எந்தச் சிங்கத்துக்கும் துணிச்சல் வராது. அடுத்த வாரமே பெரிய டாக்டரின் கோப்பு கடைசி மேசையிலிருந்து திரும்பி வந்தது. பிரிவு முழுமையாக இயங்கி வருவதாகச் சபையில் தெரிவிக்கப்பட்டுள்ளதால் புதிய நியமனம் தேவையில்லை என்று அதில் குறித்திருந்தார்கள். மேலிருந்து யாராவது திடீரென்று வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் ஒரு நர்ஸ் போய் மிஷினைப் போடுவாள். அது பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு ஆளில்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை உறுமிக்கொண்டிருக்கும். பிறகு அதே நர்ஸ் வந்து அணைப்பாள். அமைச்சரின் வாக்கைக் காப்பாற்ற ஒரு மிஷின் வேலை செய்துகொண்டிருந்தது. மாமா விடியற்காலைப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். அக்கா எனக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

சாதனை மலர் அடிக்க வேண்டும் என்று சிங்கத்துக்கு ஆசை வந்தது. கேள்வியால் கிடைத்த மிஷினோடு ஒரு படம் வேண்டுமாம். "சும்மா மிஷின் பக்கத்துல நின்னா நல்லா இருக்காதுப்பா. ஒரு நோயாளி இருக்கணும். உங்க மாமாவுக்கு அந்த வியாதிதானே?" என்றார். அவ்வளவு நாள் கழித்து அவர் ஞாபகத்தில் தங்கிய ஒரே விஷயம் அது. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனாலும் போன் செய்தேன். படம் எடுக்க வருகிறபோது பெரிய டாக்டரும் இருப்பார், நாலு பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்டுவிடலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அக்கா போனை மாமாவிடம் கொடுத்தாள். "வர்றேன்" என்றார் மாமா.

பெரிய டாக்டர் வரவில்லை, விடுப்பு போட்டுவிட்டார். அந்த அறையில் நாங்கள்தான் இருந்தோம். மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அக்காவோடு வந்திருந்தார். முகமும் பாதமும் வீங்கியிருந்தன. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய் நாற்காலியில் சாய்ந்தார். யாரும் சொல்லாமலே சட்டைக் கையை மேலே சுருட்டி, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப் போன இடது கையை மிஷின் பக்கம் நீட்டி வைத்தார். படக்காரன், "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றான். சிங்கம் சிரித்தார். மாமாவின் தோளில் கையைப் போட்டார். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல ஒன்று, கும்பிடுவது போல ஒன்று. விளக்கு பளிச் பளிச் என்று மின்னியது.

"உடம்பைப் பாத்துக்குங்க, என்ன?" என்று சொல்லிவிட்டுச் சிங்கம் கிளம்பினார். அவருக்கு வேறோர் இடத்தில் ரிப்பன் வெட்டுகிற வேலை இருந்தது. படக்காரனும் விளக்குக் குடைகளைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். வராந்தாவில் கார் கதவுகள் அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிருச்சு ஐயா, எழுந்திருங்க" என்றாள் நர்ஸ்.

மாமா எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஐயா..."

"இயங்குதுன்னு சொன்னாங்கல்ல, சிஸ்டர்" என்றார் மாமா. குரலில் சண்டையில்லை, கிண்டலும் இல்லை. "ஆரம்பிங்க. நான் அவசரப்படல."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரவும் இல்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, எங்கே ஊசி இறங்க வேண்டுமோ அந்த இடம் மேலே தெரியும்படி கையைச் சற்றுத் திருப்பி வைத்தார். அணைப்பதற்காகச் சுவிட்சில் விரலை வைத்த நர்ஸ் அதை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை.