இன்னொரு வாட்டி

"கடைசியா இவரை நல்லபடியா பார்த்தது யாரு? எப்போ?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார். வெல்டர் தரையைப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய தங்கை, புருஷனின் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன், வெல்டருக்கு மாப்பிள்ளை. இரண்டு பேருக்கும் ஒரே ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை.

ஒர்க்‌ஷாப்பில் அவனுக்குப் பெயர் 'நடிகர்'. முதலாளி நடப்பதை, தும்முவதை அப்படியே உரித்து வைப்பான். முடித்ததும் கையை நீட்டுவான். அதில் ஓங்கி ஓர் அடி அடிக்க வேண்டும், அதுதான் அவனுக்குக் கூலி. இன்று மதியம் சாப்பிடும்போது வாய் ஒரு பக்கம் கோணி, நாக்குக் குழற என்னவோ சொன்னான். போதையில் முதலாளி பேசுவது இதே மாதிரிதான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னொரு வாட்டி, மாப்ளே!" என்று கை தட்டிக் கத்தியது வெல்டர்தான். பாவி மனுஷன் இன்னொரு வாட்டியும் சொன்னான். பிறகு சுவரோரம் சாய்ந்துவிட்டான். தூங்குகிறான் என்று விட்டுவிட்டு, ராத்திரி ஷட்டரை இறக்கும்போதுதான் போய் எழுப்பினார்கள்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. கரைக்க ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரம் தாண்டியிருந்தா போடக் கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். சீக்கிரம் சொல்லுங்க."

"சாயங்காலம் டீ குடிக்கிறப்போ நல்லாத்தான் இருந்தாருன்னு சொல்லுண்ணே," என்று தங்கை காதோரம் கெஞ்சினாள். "ஊசியைப் போட்டுடட்டும்."

பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் தன் மானமும் தப்பிக்கும் என்று அந்த நேரத்திலும் தோன்றியதே, அதை நினைத்தால்தான் வெல்டருக்கு உடம்பு கூசியது.

"மதியம் சாப்பிடுறப்பவே வந்துடுச்சு டாக்டர். நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன். நடிக்கிறான்னு நெனச்சுக் கை தட்டினேன்."

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நர்ஸிடம் ஊசித் தட்டை எடுத்துவிடச் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரில வேற வழி இருக்கான்னு கேக்குறேன்," என்று போனோடு வெளியே போனார்.

"சிரிச்சியாண்ணே?" என்றாள் தங்கை.

"சிரிச்சேம்மா."

அவள் செருப்புகளைக் கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தாள்.

பேச்சுக் குரல் கேட்டோ என்னவோ, மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். வெல்டரை அடையாளம் கண்டுகொண்டான். கோணிய வாய் என்னவோ சொல்லப் பார்த்தது. வலது கை கட்டை போலக் கிடந்தது. இடது கை மட்டும் போர்வை மேல் மெல்ல நகர்ந்து, மல்லாந்து, வெல்டரை நோக்கி நீண்டது.

தங்கை அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.