தோழனின் இடம்

கலியாண வீடியோக்களில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது அஞ்சலிக் காட்சிதான். செத்துப்போன உறவினரின் படத்தை வட்டமாக வெட்டி, மாலை போட்டு, பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டு, மேலிருந்து ரோசாப்பூக் கொட்ட வேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் அது ஆயத்தமாகவே கிடந்தது. முகத்தை மட்டும் மாற்றினால் போதும். சண்டை நடந்த அந்த வருடங்களில் அது இல்லாமல் வெளியே போன கலியாண வீடியோ குறைவு. வாயை மூடிக்கொண்டு நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன், சிவகாமிப்பிள்ளை அம்மா வந்து உட்காரும் வரைக்கும்.

ஸ்டூடியோ ஓர்ஸ் ஹில்லில் இருந்தது. மஹ்ரூப் நானாதான் முதலாளி, கமராவும் அவர்தான் பிடிப்பார். ராசமலராகிய எனக்குக் கொம்பியூட்டர் வேலை. சிவகாமிப்பிள்ளை அம்மா வெருகலில் இருந்து இடம்பெயர்ந்து உப்புவெளியில் தங்கியிருந்தவர். அவருடைய மகள் குணேஸ்வரியின் கலியாணத்தை நாங்கள் எடுத்திருந்தோம். மகன் கதிராமனை 2006இல் சந்தைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். இரண்டு வருடமாக அம்மா ஏறாத ஆமி முகாம் வாசலோ பொலிஸ் வாசலோ இல்லை. எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவும் இல்லை, அப்படி ஒரு பெயரைக் கேள்விப்படவும் இல்லை.

"மகன்ட படம் ஒண்டு தாங்க. மாலை போட்டு முன்னுக்கு வைப்பம்" என்றார் நானா.

"மாலையோ? ஆருக்கு?"

"கோவிக்காதீங்க அம்மா. செத்தவன் எண்டா ஒருத்தனும் ஒண்டும் கேக்க மாட்டான். உசிரோட இரிக்கான் எண்டா, எங்க இரிக்கான் எண்டு கேப்பானுகள். சீடி எத்தின சோதனைச் சாவடி தாண்டிப் போகணும்!"

"கேக்கட்டும்" என்றார் அம்மா. "பெத்தவள் நானே மாலையைப் போட்டுட்டா, கொண்டுபோனவங்களுக்கு வேலை முடிஞ்சுது. அந்த உதவியை நான் செய்ய மாட்டன்."

அந்தக் கணத்தில் இருந்து நான் அம்மாவின் பக்கம்.

கலியாணத்திலும் அவர் இப்படித்தான் நின்றார். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, அவர் போடும் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, தலைப்பாவோடு கூடவே நிற்க வேண்டும். சகோதரன் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை நிறுத்துவார்கள். அம்மா விடவில்லை. மாப்பிள்ளை தன் காலைத் தானே கழுவிக்கொண்டார். மோதிரத்தை அம்மாவின் கையில் கொடுத்தார், அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். வீடியோ முழுக்க மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெறும் இடம் கிடந்தது.

"அந்த இடத்தில அவனையே நிப்பாட்டினா என்ன?" என்று கேட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் அக்கா மகளுக்குக் கலியாணம் நடந்தபோது கதிராமன்தான் தோழன், அதையும் எடுத்தது நாங்கள்தான். வேண்டாம், வேண்டாம் என்று முணுமுணுத்தபடியே அலுமாரியைக் கிளறி அந்தக் கசெட்டைத் தேடித் தந்தவரும் நானாதான். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: வீடியோவில் அவன் பெயர் வரக்கூடாது. எனக்கு எரிச்சல் வந்தது. "ஓம் எண்டு சொல்லு மகள். அவன்ட முகம் போதும்" என்று அம்மா சொன்னதால் விட்டுக்கொடுத்தேன்.

கசெட்டில் கதிராமன் தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு வரும் துண்டை எடுத்து, ஒவ்வொரு பிரேமிலும் அவனைச் சுற்றிக் கோடு கீறி, பின்னாலிருந்த மண்டபத்தையும் சனத்தையும் நீக்கினேன். கண் எரிந்தது. இனி அவனை மட்டும் தனி வீடியோவாக எக்ஸ்போர்ட் பண்ணி, கலியாண வீடியோவுக்கு மேலே ஒரு லேயராக வைக்க வேண்டும். அதற்கு அல்பா வேண்டும். படத்தில் எது தெரிய வேண்டும், எது கண்ணாடிபோல் பின்னால் உள்ளதைக் காட்ட வேண்டும் என்று சொல்வது அதுதான்.

கரண்ட் எப்போது போகும் என்ற அவசரம். எங்கள் டைட்டில்கள் எல்லாம் கறுப்புப் பின்னணியோடு போகிறவை. கைப்பழக்கத்தில் அல்பா இல்லாமலே எக்ஸ்போர்ட்டை அமத்திவிட்டேன். ஜெனரேட்டர் பாதி, கரண்ட் பாதி என்று நாள் முழுக்க எக்ஸ்போர்ட் ஓடி, கடைசியில் பார்த்தால் கதிராமன் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் நின்றான். பெட்டி மாப்பிள்ளையில் பாதியையும் விழுங்கியிருந்தது.

"பாத்தியா புள்ள, படைச்சவனே வேணாம் எண்டுறான்."

"படைச்சவன் இல்ல நானா, நான்தான் பிழையா அமத்தினனான்" என்றேன்.

அடுத்த முறை அல்பாவோடு எடுத்தேன். பெட்டி போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இதென்ன மகள், சுத்திவரக் கறுப்புக் கரை? மரண அறிவித்தலுக்குப் போடுற கரையெல்லோ இது."

எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. மயிரிழை போல ஒரு கறுப்பு, அவன் தோளையும் தலைப்பாவையும் சுற்றி ஓடியது. பழைய கறுப்புப் பின்னணி விளிம்பு நிறத்தோடு கலந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நிறத்தையும் அல்பாவையும் கலக்காமல் எடுக்க வேறொரு தெரிவு இருந்தது. அதைப் போட்டு மூன்றாம் முறை எடுத்தேன்.

கரை இல்லை. கதிராமன் தங்கையின் கலியாணத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், தலைப்பாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். அம்மா அழவில்லை. "இப்ப சரி" என்று மட்டும் சொன்னார். அழுதது நான்தான்.

மாப்பிள்ளை ஊருக்குப் போகும்போது சோதனைச் சாவடியில் பையைக் கிண்டிச் சீடியை எடுத்துக்கொண்டார்கள். அவரிடம் ஒன்றுமே விசாரிக்கவில்லை. உறையில் எங்கள் ஸ்டூடியோவின் பெயர் இருந்தது. மூன்றாம் நாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். கனடாவில் இருக்கும் அக்கா மகளுக்கு ஒரு கொப்பி வேண்டும் என்று சிவகாமிப்பிள்ளை அம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார்.

மூத்தவர் சீடியை மேசையில் போட்டார். நல்ல தமிழில் கேட்டார்.

"இந்தக் கலியாணம் எப்ப நடந்தது?"

"போன மாசம்" என்றார் நானா.

"அப்ப கதிராமன் எங்க? ஆர் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்க?"

நானாவின் முகத்தில் இரத்தம் இல்லை. எனக்குப் பயம் வர வேண்டிய இடத்தில் கோபம்தான் வரும், பிறவிக் குணம். கொம்பியூட்டரைத் திருப்பி, லேயருக்கு முன்னால் இருக்கும் கண் அடையாளத்தை அமத்தினேன். கதிராமன் மறைந்தான், வெறும் இடம் கிடந்தது. திரும்ப அமத்தினேன். சிரித்தான்.

"இது பழைய படம். மேல வைச்சிருக்கிறன். ஆள் கலியாணத்துக்கு வரேல்ல" என்றேன்.

மூத்தவர் நம்பவில்லை. மவுஸைத் தானே வாங்கி இரண்டு மூன்று தரம் அமத்திப் பார்த்தார். அவர் விரல் பட்டதும் கதிராமன் காணாமல் போனான், வந்தான், காணாமல் போனான்.

அம்மா கதிரையை விட்டு எழுந்தார்.

"ஐயா, ஒண்டு கேக்கவோ? இந்தப் படத்தில பேர் இல்ல. என்ட மருமகனும் உங்களுக்குப் பேர் சொல்லேல்ல. முகத்தைக் கண்ட உடனே கதிராமன் எண்டு எப்பிடிச் சொன்னீங்க?"

அவர் மவுஸில் இருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு வருசமா நான் வாசல் வாசலா வந்து கேட்டனான். அப்பிடி ஒரு பேரையே கேள்விப்படேல்ல எண்டு அனுப்பினீங்க. கேள்விப்படாதவன இண்டைக்கு எங்களிட்டத் தேடி வந்திருக்கிறீங்க. நல்லது. இனி ரெண்டு பேருமாத் தேடுவம். எங்க வைச்சிருக்கிறீங்க எண்டு முதல்ல நீங்க சொல்லுங்க."

இளையவர் வெளியே ரோட்டைப் பார்த்தார். மூத்தவர் அம்மாவை நேரே பார்க்கவில்லை. "அதை அழி. இண்டைக்கே அழிக்க வேணும்" என்று என்னிடம் உறுக்கிவிட்டு நடந்தார். சீடியை எடுத்துக்கொண்டு போகவும் மறந்துவிட்டார்.

நானா கழுத்தைத் துடைத்தார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் கழுத்தைத் துடைத்தார். அழிக்கத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் சண்டைக்கு ஆயத்தமானேன்.

"கனடாக் கொப்பி இன்னும் போகல்லதானே?" என்றார்.

"இல்ல."

"அப்ப பேரைப் போடு புள்ள. சின்ன எழுத்தில வேணாம்."

மாப்பிள்ளைத் தோழன் கதிராமன் என்று அடித்தேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு மகள். திரும்ப வந்தாங்கள் எண்டா, அவங்களுக்கு வடிவாத் தெரியட்டும்."

கூட்டினேன். அல்பா இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு எக்ஸ்போர்ட்டை அமத்தினேன்.