எரியாத அட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாலை வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்காரும் ஏகாம்பரம் சொன்னது. அரைத் தூக்கத்தில் சொன்னான். நானும் அப்படித்தான் கேட்டேன். பிழைகள் இருவருக்கும் பொது.

முதல் தொடக்கம்: 'சுதந்திரம் வந்த அடுத்த மாதம், மலாக்காவின் வானம் ஒரு பெரிய' – வேண்டாம். பெரிதாகத் தொடங்கினால் எனக்கு முடிக்கத் தெரியாது.

இரண்டாவது: மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் அஞ்சலை கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை காயவில்லை. (இது இருக்கட்டும்.)

2

அஞ்சலையின் புருஷன் ஏகாம்பரம் வானிலை ஆபீசில் தற்காலிக ஆள். அங்கே வெட்டவெளியில் ஒரு கண்ணாடி உருண்டை, அதன் பின்னால் ஒரு நீள அட்டை. உருண்டைக்குள் குவியும் வெயில் அட்டையைக் கருக்கிக்கொண்டே நகரும். கருகிய கோட்டின் நீளம்தான் அன்றைய வெயில்.

அந்த வாரம் கடலுக்கு அக்கரையில் காடு எரிந்து, புகை இங்கே வரை வந்தது. [சுமத்ரா என்று எழுதலாமா? அவன் 'அக்கரை' என்றுதான் சொன்னான்.] மேகமே இல்லை. ஆனால் சூரியன் வெறும் கண்ணால் பார்க்கும்படி செப்புத் தட்டாக நின்றது. மத்தியானச் சூடும் குறைந்திருந்தது. புகைத்தூள் வெயிலில் கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தை மேலேயே திருப்பிவிடும் என்பார் எங்கள் வாத்தியார்.

அட்டை கருகவில்லை.

ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி தேவதாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேகம் இல்லைன்னு எழுதியிருக்கே. வெயிலும் இல்லையா? சூரியன் லீவு போட்டுச்சா?"

"புகைங்க, ஐயா."

"பாரத்துல புகைக்கு ஏதுடா கட்டம்? 'மேகம்'னு திருத்து. நாளை மறுநாள் உன்னை நிரந்தரம் பண்ற தாள்ல நான்தான் கையெழுத்துப் போடணும்."

3

(இங்கே ஏகாம்பரத்தை உத்தமனாக்க ஆசை வந்தது. அடித்துவிட்டேன்.)

"துணி காயலையே, அதைச் சொல்லுங்க உங்க கிராணிகிட்ட," என்றாள் அஞ்சலை.

"உன் பாவாடையைச் சாட்சிக்கு அனுப்பவா?"

"அனுப்புங்க. அதுவாவது வாயத் திறக்கும். ஆமா, அந்த உருண்டையைத் துடைச்சீங்களா?"

"கரி படிஞ்சிருந்துச்சு. காலையில அட்டை மாட்டுறப்பவே துடைச்சேன்."

"எதால?"

அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கோயில் விபூதிப் பொட்டலம். வெள்ளிக்கிழமை விளக்கு துலக்குகிற பழக்கத்தில் கை தானாகப் போயிருந்தது.

"அது என்ன குத்துவிளக்கா?" என்றாள். பிறகு அவளும் சிரிக்கவில்லை.

4

வானத்துச் சாம்பலா, அவன் பூசிய சாம்பலா? காலையில் உருண்டையைக் கழுவிப் புது அட்டை மாட்டினால் தெரிந்துவிடும். நல்ல கதையாகவும் இருக்கும்.

ஆனால் அவன் கழுவுவதற்கு முன்பே பெருமழை பெய்து உருண்டையையும் வானத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டது. புது அட்டை மைக்கோடு போட்டதுபோல் கருகியது. எதுவும் நிரூபணமாகவில்லை.

முடிவு ஒன்று: 'மேகம்' என்று திருத்துகிறான், வேலை நிரந்தரம். அப்படி ஒரு வானம் இருந்ததற்கு அஞ்சலையின் ஈரத்துணி மட்டுமே மிச்சம்.

முடிவு இரண்டு: விபூதியை ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பிறகு புகையை யார் நம்புவார்கள்? வேலையும் போகும்.

முடிவு மூன்று: புகை என்று மட்டும் சொல்லி, விபூதியை

(இதை மூன்று முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவன் பொய்யன் போலவே தெரிகிறான்.)

"நீ என்ன எழுதுவே?" என்று என்னைக் கேட்டான். மணி அடித்தது. புத்தகங்களை அடுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

நாளைக் காலை அவன் பெரிய கிராணி முன்னால் நிற்க வேண்டும். நீங்களாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அவன் கொஞ்சம் தூங்கட்டும்.