பாலில் கலக்கிய பொடி

கஷ்டமான வருடம்தான். ஆனாலும் அதை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஜன்னலும், அதன் வழியே கட்டிலில் விழுந்த காலை வெயிலும், அதில் நீண்டு கிடந்த என் தம்பியின் கால்களும்தான்.

வீட்டில் அவனை 'நெட்டை' என்போம். பதினெட்டு வயது, கைப்பந்து ஆடுகிறவன். இடது முழங்காலுக்கு மேலே வீங்கியபோது, விழுந்திருப்பான் என்று இரண்டு மாதம் தைலம் தேய்த்தோம். வலி தூங்கவிடாமல் செய்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, ஒரு தாளில் கால் எலும்பை வரைந்து காட்டினார்.

"எலும்புல வர்ற புற்று எல்லாம் ஒண்ணு இல்லம்மா. குருத்தெலும்புல வர்றது பெரும்பாலும் வயசானவங்களுக்கு. அதுக்கு ஆபரேஷன்தான் முக்கியம். இன்னொரு வகை இருக்கு, அது மருந்துக்கும் கேக்கும், கதிர் சிகிச்சைக்கும் கேக்கும். தம்பிக்கு வந்திருக்கிறது எலும்பை உண்டாக்குற செல்லுல. வளர்ற வயசுல வர்றது. முதல்ல மருந்து, நடுவுல ஆபரேஷன், அப்புறம் மறுபடி மருந்து. மருந்து நேரத்துக்கு ஏறிச்சுன்னா கெட்ட எலும்பை மட்டும் எடுத்துட்டு உலோகம் வைக்கப் பார்க்கலாம். தள்ளிப்போச்சுன்னா, காலுக்கு நான் உறுதி சொல்ல முடியாது."

அப்பா இல்லாத வீடு. அம்மா, அவன், நான். அந்த நோயின் பெயரை நாங்கள் வாயால் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு அது 'அது'. வெளியே கேட்கிறவர்களுக்கு 'முட்டி வலி'.

இரண்டு சுற்று மருந்தில் அவன் துரும்பாகிவிட்டான். முடி கொட்டியபோது, "சீப்பை நீயே வச்சுக்கக்கா, சண்டை தீர்ந்துது" என்று சிரித்தான். எனக்குத்தான் தாங்கவில்லை. நான் வேலை பார்த்த தையல் ஆலையில் ஒரு தோழி, நாட்டு மருந்துக் கடைப் பொடி ஒன்றைச் சொன்னாள். கெட்டதையெல்லாம் வெளியே தள்ளிவிடுமாம். கடைக்காரரிடம் போய், "தம்பிக்கு முட்டி வலி, விளையாட்டுல அடி" என்று வாங்கினேன். யாருக்கும் சொல்லாமல் காலையும் மாலையும் பாலில் கலக்கிக் கொடுத்தேன். கலக்கும்போதெல்லாம் கடவுளை வேண்டிக்கொண்டேன். தவறு செய்கிற கையும் கும்பிடுகிற கைதான். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

மூன்றாவது சுற்றுக்கு முன் ரத்தப் பரிசோதனையில் ஈரல் சரியில்லை என்றார்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். அடுத்த வாரம் இன்னும் மோசம்.

"எங்க மருந்தும் ஈரலைத் தொடும். ஆனா இந்நேரம் சரியாகியிருக்கணும். வேற ஏதாவது குடுக்கிறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொடி தீர்ந்திருந்தது. டாக்டரம்மா கேட்டது காதிலேயே இருந்தது, ஆனாலும் மறுநாள் வாங்கக் கடைக்குப் போனேன்.

"இன்னுமா வலி விடல? ஒரு மாசம் ஆச்சே. ஆளைக் கூட்டிட்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார் கடைக்காரர்.

"அவன் ஆஸ்பத்திரியில இருக்கான், அண்ணே."

"அடிபட்டதுக்கா?"

அங்கேதான், கடையில் காத்திருந்த அத்தனை பேர் முன்னால், அந்த நோயின் பெயரை முதன்முதலாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"மருந்து ஏத்துறாங்களா? அடப்பாவமே, என் தலையில கல்லைப் போட்டியேம்மா! இதுல ஏழு சரக்கு இருக்கு. அதுல ரெண்டு சரக்கு ஈரலுக்கு ஆகாது. தெரிஞ்சா குடுத்திருப்பேனா?"

ஏழின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதினார். காத்திருந்தவர்களிடம், "நாளைக்கு வாங்க, ஒரு பிள்ளையோட காலு" என்று சொல்லிக் கதவை இழுத்து மூடினார். என்னோடு நடந்தே மருத்துவமனைக்கு வந்தார்.

"தப்பு என்னுதுங்க. கேட்டுக் குடுத்திருக்கணும்" என்று டாக்டரம்மா முன் நின்றார்.

"இல்ல, நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ தன் பக்கத்து நாற்காலியைக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நிறுத்திப் பார்ப்போம். நோயை நாங்க பார்த்துக்கிறோம். ஆனா அவனுக்குக் குமட்டலும் நிக்கல, தூக்கமும் இல்ல. வயித்துக்குள்ள போகாம உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

"மோந்து பார்க்க எலுமிச்சைத் தோல் குடுக்கலாம். நல்ல காலுக்கு எண்ணெய் தடவி நீவி விடலாம்."

"சரி. தோலைக் கழுவிட்டுக் குடுங்க. வீங்கின காலைத் தொடவே கூடாது."

அன்று மாலை தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்க்கா. பால் எப்பவாவது கசக்குமா? நீ அவ்வளவு ஆசையா கலக்கிட்டு வந்தே. வேண்டாம்னா உன் முகம் சுருங்கிடுமேன்னு குடிச்சுட்டேன்."

அவன் என்மேல் வைத்த அன்பும் நான் அவன்மேல் வைத்த அன்பும் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் அந்தக் கால் என்னவாகியிருக்கும்?

பத்து நாளில் ஈரல் சீரானது. மூன்றாவது சுற்று ஏறியது, நான்காவதும். வாரம் ஒருநாள் கடைக்காரர் வருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது பாதத்தை நீவிவிடுவார். பேச்சு பாதியில் இருக்கும்போதே தம்பி தூங்கிப்போவான். அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போவார், அந்த நல்ல மனிதர்.

ஆபரேஷன் அன்று ஏழு மணி நேரம் ஆனது. தம்பி கண் விழித்ததும், "அக்கா, எத்தனை?" என்றான்.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். கட்டுக்குக் கீழே ஐந்து விரல்கள், அந்தப் பக்கம் ஐந்து விரல்கள்.

"ரெண்டும் இருக்குடா."

"அப்போ செருப்பு ஜோடியாவே வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு, மறுபடி தூங்கிப்போனான்.