வேலியோரம் வந்து நின்றவள்

செபகாபோவின் வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளைகள், கருவாவதற்கு முன்பே வந்து வாழைத்தோட்டத்து வேலியோரம் நின்றுகொள்வார்கள். ஆறு பேரும் அப்படித்தான் வந்தார்கள். மழை அவர்களை நனைக்காது. ஆடு கிட்டே போனால் சிரிப்பார்கள். அவரைக்குக் களையெடுக்க வரும் பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ருவாண்டாவின் வடக்கு மலைகளில் பனி இறங்குவதைப் போல அதுவும் ஊருக்குப் பழகிப்போயிருந்தது. ஆறாவது பிரசவத்தில் அவன் மனைவி முகருசினேக்கு ரத்தம் நிற்கவில்லை. மூங்கில் தூளியில் கிடத்தி மலையிறங்கி ஓடியவர்கள் உயிரை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார்கள். இன்னொரு பிள்ளை என்றால் ஆள் மிஞ்சமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கருத்தடை மாத்திரையும் ஊசியும் அவள் உடம்புக்கு ஆகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஏழாவதாக ஒரு பெண்குழந்தை வந்து வேலியோரம் நின்றது. அதைப் பார்த்த நாள் முதல் முகருசினேக்குச் சோறு இறங்கவில்லை. செபகாபோ தனியாகப் பாய் விரித்தான்.

அவன் தானே கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ள மாவட்ட ஆஸ்பத்திரிக்கு நடந்தபோது வாழைப்பழ பீர் விற்கும் கடையில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை.

"பேரிலயே ஆம்பளைங்களுக்கு அப்பன்னு வச்சிருக்க. திரும்பி வரும்போது என்ன பேரு?"

"ஆறு பேருக்கு அப்பன். அதை எந்தக் கத்தியும் வெட்டாது," என்றான்.

தோலைக் கிழிக்கக் கத்தியே தேவைப்படவில்லை. டாக்டர் உமுலிசா மரத்துப்போக ஊசி போட்டு, கூர்முனை இடுக்கியால் தோலில் சின்னத் துளையிட்டு, விந்துக்குழாயை வெளியே இழுத்து வெட்டினாள். வேலை நடக்கும்போதே விளக்கமும் சொன்னாள். "வெட்டிக் கட்டினா மட்டும் பத்தாது அண்ணே. சில பேருக்கு ரெண்டு நுனியும் தேடிப்போய் ஒட்டிக்கும். அதான் உள்பக்கம் சூடு வச்சு, நடுவுல சவ்வை இழுத்து மூடித் தச்சிடறேன். ஆனா உள்ள விந்தணு மிச்சம் இருக்கும். மூணு மாசம் ஜாக்கிரதையா இருங்க. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் நான் சரின்னு சொல்லுவேன்."

குழந்தை போகவில்லை. புண் ஆறி அவன் மண்வெட்டி பிடித்த பிறகும் அங்கேயே நின்றது. முன்னைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது என்பார்கள். ஆபரேஷன் பலிக்கவில்லை என்று பீர்க்கடையில் இருந்தவர்கள் பந்தயம் கட்டினார்கள். செபகாபோ யாரிடமும் வாதாடாமல் நாளைக் கடத்தினான். மூன்று மாதம் கழித்து டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து, ஒன்றுகூட இல்லை என்றாள். அவன் மலையேறி வந்து அதைச் சொன்னதும் முகருசினே அடுப்படியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலிக்குப் போனாள்.

"உன்மேல கோவம் இல்லடி கண்ணு. என் உடம்புல தெம்பில்ல. வேற நல்ல வீடாப் பாரு."

"சரிம்மா," என்றது குழந்தை. வேலியோரம் நின்றவர்களில் வாய்திறந்து பேசியது அது ஒன்றுதான்.

அன்றிரவு முகருசினே இரண்டு தட்டு சாப்பிட்டாள். மறுநாள் அந்தக் குழந்தை எதிர்ச்சரிவில், புதிதாகக் கல்யாணமான தச்சன் வீட்டு வேலியோரம் நிற்பதைச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்தார்கள். தச்சன் மனைவி அந்த வாரமே குழந்தைத் துணி தைக்கக் கொடுத்தாள்.